பிராக்கெட்டுக்கு முன்னால் நிற்கும் மைனஸ்: பல்லுறுப்புக் கோவைகளைக் கூட்டவும் கழிக்கவும் ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் ஒத்த உறுப்புகளைச் சேர்க்கும் பாடம் கிரேடு 8-இல் சூடு பிடிக்கிறது. கிரேடு 9-இல் அதன் மேலேயே பெருக்கலும் காரணிப்படுத்தலும் ஏறி உட்கார்ந்துவிடும். அடித்தளம் ஆடினால் மேலே எதுவும் நிற்காது. டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், அப்பா அம்மாவோ அண்ணன் அக்காவோ, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று இது எழுதப்பட்டது. புதிதாகப் படிக்கிற பிள்ளையும் நேராகவே படிக்கலாம்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்குள்ள பாடப்புத்தகத்தில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். 2,5 என்றால் இரண்டரை. 1,250 என்று பார்த்ததும் ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று படித்துவிடாதீர்கள், அது ஒன்றேகால். ஆயிரத்தை இடைவெளி விட்டு 1 250 என்று எழுதுவார்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதியிருக்கிறோம், பிள்ளையின் நோட்டோடு ஒத்துப்போக வேண்டுமல்லவா.

இன்னொன்று, புத்தகத்தில் எக்ஸ், ஒய் வரும் இடத்தில் இங்கே ப, த என்ற எழுத்துகள் இருக்கும். எந்த எழுத்தை வைத்தாலும் கணக்கு மாறாது. எழுத்துக்கு முன்னால் ஒட்டி நிற்கும் எண்ணை இங்கே கெழு என்று சொல்கிறோம், யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள் குணகம் என்று படித்திருப்பார்கள். பள்ளியில் பிள்ளை கேட்கும் ‘லைக் டெர்ம்ஸ்’தான் ஒத்த உறுப்புகள், ‘பாலினாமியல்’தான் பல்லுறுப்புக் கோவை. கோவையில் பிளஸ், மைனஸ் குறிகள் பிரிக்கும் ஒவ்வொரு துண்டும் ஓர் உறுப்பு.

முதல் வேலை: வெட்டுவது

கோவையைப் பார்த்ததும் சேர்க்கப் பாயக் கூடாது. பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பிளஸ், மைனஸ் குறிக்கும் சற்று முன்னால் ஒரு நெட்டுக்கோடு போடுங்கள்:

4ப² | − 3ப | + 7 | − ப² | + 5ப

கோடு குறிக்கு முன்னால் விழ வேண்டும், பின்னால் அல்ல. குறி எப்போதும் தனக்கு வலப்பக்கம் உள்ள உறுப்புக்குச் சொந்தம். இங்கே இரண்டாவது உறுப்பு 3ப அல்ல, −3ப. முதல் உறுப்புக்கு முன்னால் குறி இல்லை என்றால் அது பிளஸ். உறுப்புகளை இடம் மாற்றி எழுதும்போது குறியும் கூடவே போக வேண்டும். எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு குறியைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவதால் கெடும் கணக்குகள் ஏராளம்.

வெட்டிய துண்டுகளில் எண் தெரியாத உறுப்பு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ப என்றால் கெழு 1, −ப² என்றால் கெழு −1. ப/2 என்றால் அரை. கண்ணுக்குத் தெரியாத இந்த 1-ஐ ஆரம்பத்தில் சில வாரங்களுக்கு எழுதியே காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 4ப² − ப² என்பதற்கு விடை 4 என்று வரும். ‘ப²-ஐ எடுத்துவிட்டேன், 4 மிச்சம்’ என்று பிள்ளை விளக்கமும் சொல்லும். 4ப² − 1ப² என்று எழுதியிருந்தால் 3ப² என்பது தானாக வரும்.

எது எதோடு சேரும்

கெழுவை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மிச்சம் இரண்டிலும் ஒன்றேயானால் அவை ஒத்த உறுப்புகள். எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்தந்த எழுத்தின் அடுக்கும் (ப²-இல் மேலே நிற்கும் 2 போன்றது) ஒன்றாக இருக்க வேண்டும். கெழு எதுவானாலும் கவலையில்லை.

7ப², −ப² இரண்டும் சேரும். 7ப², 7ப சேராது. எழுத்து ஒன்று, அடுக்கு வேறு. 5பத, −2தப சேரும், ஏனென்றால் பெருக்கலில் வரிசை பொருட்டல்ல. ப²த, தப² இரண்டும் ஒன்றேதான். ஆனால் ப²த, பத² சேராது, முன்னதில் ப இருமுறை, பின்னதில் த இருமுறை. வெறும் எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேரும்.

இந்த இடத்தில் பலர் மாம்பழம், வாழைப்பழம் என்று ஆரம்பிப்பார்கள்: ‘மூன்று மாம்பழமும் ஐந்து வாழைப்பழமும் எட்டு மாம்பழம் ஆகுமா?’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த உவமையை விட்டுவிடுவது நல்லது. ப என்பது பழம் அல்ல, ஓர் எண். பழம் என்று நினைத்துப் பழகிய பிள்ளைக்கு பத என்ற உறுப்பு வந்ததும் வழி அடைபட்டுவிடும். மாம்பழத்தை வாழைப்பழத்தால் பெருக்குவது எப்படி? ப² என்றால் பழத்தின் வர்க்கமா?

உண்மையான காரணம் பங்கீட்டுப் பண்புதான். 3ப + 5ப என்பது ஒரே எண்ணின் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும். எனவே (3 + 5)ப, அதாவது 8ப. ப என்ன எண்ணாக இருந்தாலும் இது நிற்கும். 3ப + 5ப² அப்படி இல்லை. ப = 2 என்று வைத்தால் அது 6 + 20 = 26. இதை 8ப என்று எழுதினால் 16, 8ப² என்றால் 32, 8ப³ என்றால் 64. எதுவுமே 26 இல்லை. ஆகவே 3ப + 5ப² அப்படியே நிற்க வேண்டியதுதான். விடையில் கூட்டல் குறி மிச்சம் இருந்தால் கணக்கு முடியவில்லை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். முடிந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

கூட்டல்

(4ப² − 3ப + 7) + (−ப² + 5ப − 10) என்று வைத்துக்கொள்வோம்.

பிராக்கெட்டுக்கு முன்னால் பிளஸ் இருந்தால் பிராக்கெட்டை எடுத்துவிடலாம், உள்ளே எந்தக் குறியும் மாறாது: 4ப² − 3ப + 7 − ப² + 5ப − 10. இப்போது ஒத்தவற்றை அடையாளம் போடுங்கள். ப² உறுப்புகளுக்கு வட்டம், ப உறுப்புகளுக்குச் சதுரம், வெறும் எண்களுக்கு அடிக்கோடு. வட்டம் போடும்போது குறியையும் சேர்த்து வளைக்க வேண்டும். பிறகு பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்:

4ப² − 1ப² − 3ப + 5ப + 7 − 10 = 3ப² + 2ப − 3

கெழுக்கள்தான் கூடின, ப² ப²-ஆகவே இருந்தது. 3ப + 2ப = 5ப² என்று எழுதும் பழக்கம் பெருக்கல் விதியைக் கூட்டலுக்குள் இழுத்து வருவதால் வருவது. அடுக்குகளைக் கூட்டுவது பெருக்கும்போது மட்டும்.

விடையைப் பெரிய அடுக்கிலிருந்து சின்ன அடுக்கு நோக்கி எழுதுங்கள். கட்டாயம் இல்லை, ஆனால் பின்பக்க விடையோடு ஒப்பிட லேசு. சில சமயம் பெரிய அடுக்கே காணாமல் போகும்: (2ப³ + ப) + (−2ப³ + 4ப²) = 4ப² + ப. அதில் தப்பில்லை. எல்லாமே அடிபட்டுப் போனால் 0 என்று எழுத வேண்டும், வெற்றிடம் விடக் கூடாது.

கழித்தல்: மதிப்பெண் போகிற இடம்

கூட்டலில் தடுமாறாத பிள்ளை கழித்தலில் தடுமாறுகிறது. காரணம் ஒன்றே ஒன்று. பிராக்கெட்டுக்கு முன்னால் நிற்கும் மைனஸ் உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் தொட வேண்டும், பிள்ளையோ முதல் உறுப்பை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்துவிடும்.

கழிப்பது என்று தனியாக ஒரு வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கோவையின் எல்லாக் குறிகளையும் திருப்பி எழுதுங்கள், பிறகு மேலே பார்த்த கூட்டலைச் செய்யுங்கள். மைனஸைக் கழித்தால் ஏன் பிளஸ் ஆகிறது என்று பிள்ளை கேட்டால் (கேட்க வேண்டும்), கி.பி. 628-இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் எழுதிவைத்த விதி உதவும். அவர் நேர் எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் அழைத்தார். சூனியத்திலிருந்து கடனைக் கழித்தால் அது செல்வம். 10 ராண்ட் கடனைத் தள்ளுபடி செய்தால் கையில் 10 ராண்ட் கூடுவதற்குச் சமம்தானே.

ஒரு முழுக் கணக்கு: (5ப³ − 2ப + 8) − (2ப³ + 4ப² − 7ப − 1)

முதல் வரியில் குறிகளை மட்டும் மாற்றுங்கள், வேறு எதுவும் செய்யாதீர்கள்:

5ப³ − 2ப + 8 − 2ப³ − 4ப² + 7ப + 1

நான்கு உறுப்பு, நான்கு மாற்றம். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அடுத்த வரியில் சேருங்கள்:

3ப³ − 4ப² + 5ப + 9

இரண்டு வேலையையும் ஒரே வரியில் செய்ய முயல்வதுதான் ஆபத்து. நோட்டில் ஒரு வரி கூடுதலாகச் செலவாவதால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். மதிப்பெண் கணக்கிலும் அந்த வரி லாபம்தான். மெட்ரிக் (இங்கே கிரேடு 12) கணக்குத் தேர்வின் மெமோவில், அதாவது திருத்துகிறவருக்கான விடைக் குறிப்பில், ஒரு வரியில் தவறினாலும் அதை அடுத்து வரும் வரிகள் அந்தத் தவறான வரியோடு முரணில்லாமல் இருந்தால் அவற்றுக்கு மதிப்பெண் கொடுக்கும் முறை உண்டு. வரியே எழுதாவிட்டால் திருத்துகிறவர் எதைப் பார்த்துக் கொடுப்பார்?

நிரல் நிரலாக, மேலும் கீழுமாக எழுதிக் கூட்டுவது சிலருக்குப் பிடிக்கும். நல்ல முறைதான், ஒரு நிபந்தனையோடு: இல்லாத அடுக்குக்கு 0 போட்டு இடம் விட வேண்டும். மேலே உள்ள கணக்கில் முதல் கோவையில் ப² இல்லை.

5ப³ + 0ப² − 2ப + 8
−2ப³ − 4ப² + 7ப + 1
3ப³ − 4ப² + 5ப + 9

அந்த 0ப² இல்லாமல் எழுதினால் −2ப-க்கு நேர்கீழே −4ப² வந்து உட்காரும், கை தன்னையறியாமல் இரண்டையும் கூட்டிவிடும். கீழ் வரியில் குறிகள் ஏற்கனவே திருப்பப்பட்டுவிட்டன என்பதையும் கவனியுங்கள். குறியைத் திருப்பிய பிறகு மறுபடியும் கழிக்கிற பிள்ளைகளும் உண்டு.

கேள்வி வாசகத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலக் கேள்வித்தாளில் ‘சப்ட்ராக்ட் 6ப − 4 ஃப்ரம் 2ப + 9’ என்று வரும். முதலில் கண்ணில் படுவது 6ப − 4, ஆனால் அது கழிக்கப்படுவது. எழுத வேண்டியது (2ப + 9) − (6ப − 4), விடை −4ப + 13. மாற்றி எழுதினால் 4ப − 13 வரும், எல்லாக் குறியும் தலைகீழ். ‘ஃப்ரம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதை வட்டமிட்டு முதலில் எழுத வையுங்கள். இரண்டு கோவைக்கும் பிராக்கெட் போட்டுத்தான் எழுத வேண்டும், அதில் சோம்பல் ஆகாது.

பிராக்கெட் எதற்கு என்பது காசு கணக்கில் பளிச்சென்று தெரியும். கோயில் நிதிக்காகச் சைவப் பிரியாணிப் பொட்டலம் விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பொட்டலம் 85 ராண்ட். அரிசி, பருப்பு, காய்கறி, மசாலா, டப்பா எல்லாம் சேர்த்துப் பொட்டலத்துக்கு 52 ராண்ட் செலவு. பெரிய பானை வாடகையும் எரிவாயுவும் எத்தனை பொட்டலமானாலும் 2 400 ராண்ட். ப பொட்டலம் விற்றால் வரவு 85ப, செலவு 52ப + 2 400.

85ப − (52ப + 2 400) = 85ப − 52ப − 2 400 = 33ப − 2 400

100 பொட்டலம் விற்றால் 900 ராண்ட் மிச்சம். பிராக்கெட்டை மறந்தால் 33ப + 2 400 வரும். அதன்படி ஒரு பொட்டலம்கூட விற்காமலேயே 2 400 ராண்ட் லாபம்! பானை வாடகை கொடுத்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சரிபார்க்க ஓர் எண் போதும்

பின்பக்க விடையைப் பார்க்காமலேயே விடை சரியா என்று தெரிந்துகொள்ள முடியும், எழுத்துக்குப் பதில் ஓர் எண்ணைப் போட்டால் போதும். இந்த ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மேலே செய்த கழித்தலில் ப = 2 போடுவோம். முதல் கோவை 40 − 4 + 8 = 44. இரண்டாவது 16 + 16 − 14 − 1 = 17. வித்தியாசம் 27. நம் விடை 3ப³ − 4ப² + 5ப + 9, அதாவது 24 − 16 + 10 + 9 = 27. பொருந்துகிறது.

முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிய பிள்ளைக்கு 3ப³ + 4ப² − 9ப + 7 வந்திருக்கும். அதில் 2 போட்டால் 24 + 16 − 18 + 7 = 29. 27 வர வேண்டிய இடத்தில் 29 வந்தால் மேலே போய்க் குறிகளைப் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணைப் போடுவது என்பதில் விஷயம் இருக்கிறது. 0 போட்டால் எழுத்துள்ள உறுப்பெல்லாம் மறைந்துவிடும், வெறும் எண் மட்டுமே சரிபார்க்கப்படும். 1 போடுவது லேசு என்று பலர் போடுவார்கள், ஆனால் 1-இன் வர்க்கமும் 1, கனமும் 1. 3ப + 2ப = 5ப² என்ற தவறு 1 போட்டால் மாட்டாது, இரண்டு பக்கமும் 5. அதே தவறு 2 போட்டால் 10-க்கும் 20-க்கும் பிரிந்து நிற்கும். 10 இன்னும் அழகு: 3ப² + 5ப + 2 என்பதில் 10 போட்டால் 352, கெழுக்கள் அப்படியே இலக்கங்களாக வந்து நிற்கும். நூறு, பத்து, ஒன்று என்று நாம் எழுதும் எண்ணே ஒரு பல்லுறுப்புக் கோவைதான். ஒரே வேறுபாடு, இங்கே பத்தைத் தாண்டினால் அடுத்த இடத்துக்கு ஏற்றக் கூடாது. 7ப + 8ப = 15ப, அவ்வளவுதான்.

இரண்டு எழுத்து இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு எண் போடுங்கள். ப, த இரண்டுக்கும் 2 போட்டால் ப²த-வும் பத²-உம் 8 ஆகிவிடும், அவற்றைத் தவறாகச் சேர்த்திருந்தாலும் தெரியாது. எடுத்துக்காட்டாக:

(3ப²த − 5பத² + 2பத) − (4தப² + பத² − 6தப)

முதலில் இரண்டாவது பிராக்கெட்டில் எழுத்துகளை முதல் பிராக்கெட்டில் உள்ள வரிசைக்குக் கொண்டுவாருங்கள், ப முதலில், த பின்னால்: 4தப² என்பது 4ப²த, 6தப என்பது 6பத. தமிழில் த முதலில் வரும், ப பின்னால் வரும் என்று யாராவது சண்டைக்கு வந்தால் அவர் சொல்லும் வரிசையிலேயே எழுதுங்கள், முழுக் கணக்கிலும் ஒரே வரிசை இருந்தால் சரி. குறி மாற்றிச் சேர்த்தால் −ப²த − 6பத² + 8பத. ப = 2, த = 3 போட்டுப் பார்த்தால் முதல் கோவை −42, இரண்டாவது 30, வித்தியாசம் −72. விடையிலும் −12 − 108 + 48 = −72.

கால்குலேட்டரில் குறை எண் போட்டுச் சரிபார்க்கிறவர்கள் பிராக்கெட் போட மறக்கக் கூடாது. −3² என்று தட்டினால் −9 என்று காட்டும். வேண்டியது (−3)², அது 9.

இன்னும் கொஞ்சம் சிக்கலானவை

பிராக்கெட்டுக்கு முன்னால் மைனஸோடு எண்ணும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே உள்ளே போகும். 3(2ப − 1) − 2(ப² − 4ப + 3) என்பதில் இரண்டாவது பிராக்கெட்டைப் பெருக்குவது 2 அல்ல, −2. எனவே 6ப − 3 − 2ப² + 8ப − 6, சேர்த்தால் −2ப² + 14ப − 9.

பிராக்கெட்டுக்குள் பிராக்கெட் வந்தால் உள்ளிருந்து வெளியே வாருங்கள். 7ப − [3ப − (2ப − 5)] என்பதில் சதுர பிராக்கெட்டுக்குள் இருப்பது 3ப − 2ப + 5, அதாவது ப + 5. பிறகு 7ப − ப − 5 = 6ப − 5. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே இருப்பதைச் சுருக்கிவிட்டு அடுத்த பிராக்கெட்டை உடைத்தால் குறிகள் குறைவாகவே புரளும்.

பின்னம் வந்தால் பகுதியை (கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணை) சமமாக்குங்கள்: ப/2 − ப/3 = 3ப/6 − 2ப/6 = ப/6. எல்லாவற்றையும் 6-ஆல் பெருக்கி விடை ப என்று எழுதுவது தவறு. அப்படிப் பெருக்கி ஒழிப்பது சமன்பாட்டில் மட்டும் செல்லும், அங்கே இரண்டு பக்கமும் சேர்ந்து பெருகும். கோவைக்கு ஒரு பக்கம்தான். அதேபோல் 3ப² + 2ப − 3 என்று சுருக்கி முடித்த பிறகு, தானாகவே ‘= 0’ என்று போட்டு ப-வின் மதிப்பைத் தேடப் போகிறவர்களும் உண்டு. கேள்வி ‘சுருக்கு’ என்றால் சுருக்கியதோடு நிறுத்துங்கள்.

செய்து பார்க்க

1) (6ப − 2) + (−9ப + 5)
2) (ப² − 4ப) − (3ப² − 4ப + 1)
3) ப² + 3 என்பதிலிருந்து 2ப² − ப என்பதைக் கழிக்க
4) 5பத − 2தப + ப²த − பத²
5) 4ப − [ப − (3 − 2ப)]
6) 0,4ப² − 1,5ப + 0,6ப² + 2ப
7) ஒரு முக்கோணத்தின் சுற்றளவு 9ப + 2. இரண்டு பக்கங்கள் 2ப + 5, 3ப − 1. மூன்றாவது பக்கம் என்ன?

விடைகள்: 1) −3ப + 3. 2) −2ப² − 1, ப உறுப்பு அடிபட்டுப் போகிறது. −8ப வந்திருந்தால் நடு உறுப்பின் குறி மாறவில்லை. 3) −ப² + ப + 3. 4) 3பத + ப²த − பத², இதற்கு மேல் சுருங்காது. 5) ப + 3. 6) ப² + 0,5ப. 7) 4ப − 2. முதலில் இரண்டு பக்கத்தையும் கூட்டி 5ப + 4 என்று ஆக்கிக்கொண்டு, அதைப் பிராக்கெட்டுக்குள் வைத்துச் சுற்றளவிலிருந்து கழிக்க வேண்டும். 4ப + 6 என்று வந்தவர்கள் அந்த பிராக்கெட்டைப் போடவில்லை.